கிளட்ச் இல்லாத வண்டி

தப்பா நெனைக்காதீங்கக்கா, உங்க போனை எட்டிப் பார்க்கணும்னு பார்க்கலீங்க. பாப்பா இந்தத் தோள்ல சாஞ்சு தூங்கறா, கழுத்தை உங்க பக்கந்தான் திருப்ப முடியுது. வீடியோவுல அந்த ஆள் டீசல் ஆட்டோமேட்டிக், டீசல் ஆட்டோமேட்டிக்னு சொன்னது காதுல விழுந்துருச்சு. அதான் சிரிப்பு வந்துருச்சு. கார் வாங்கறீங்களா?

ஓ, வீட்டுக்காரரு பார்க்கச் சொன்னாருங்களா. பழைய வண்டி. ஆறு லட்சத்துக்குள்ள. சரிங்க, சரிங்க.

நான் வலியப் போய் யார்கிட்டயும் பேசறவ இல்லீங்க. கல்யாணமாகி வந்த புதுசுல பக்கத்து வீட்டுக்காரங்க என்னைய ஊமைன்னே நெனச்சுட்டாங்களாமா. எங்க அத்தை இன்னும் அதைச் சொல்லிச் சிரிப்பாங்க. ஆறாவது வரைக்குந்தான் படிச்சேன். ஆனா இந்த ஒரு விஷயத்துல என்ன வேணா கேளுங்க, சொல்லிருவேன். போன வருஷம் ரெண்டு மாசம் எங்க வீட்ல சோத்தோட குழம்பு பிசைஞ்சமோ இல்லையோ, டீசல் ஆட்டோமேட்டிக்கைப் பிசைஞ்சோம்.

டீசல் கிடைக்குமுங்க. ஆட்டோமேட்டிக்கும் கிடைக்கும். ரெண்டும் சேர்ந்து, அதுவும் நம்ம கைக்கு அடங்கற விலையில, அதுதான் கிடைக்காது. கிடைச்சா ரெண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கும். இல்லாட்டி வெள்ளத்துல நின்ன வண்டியா இருக்கும். சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் வெளிய இழுத்துப் பாருங்க, அடியில சேத்துக் கறை இருந்தா அப்படியே திரும்பி வந்துருங்க. அப்புறம், போனதும் பானட்டு மேல கையை வைக்கணும். சூடா இருந்தா வியாபாரி முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வெச்சிருக்கான்னு அர்த்தம். எங்க வீட்டுக்காரரு புள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி புறங்கையை வெச்சுப் பார்ப்பாரு.

அவரு பேரு மோகனசுந்தரம். ரிக் வண்டியில இருக்காரு. போர் போடற வண்டிங்க. திருச்செங்கோட்டுப் பக்கம்னா வீட்டுக்கு ஒருத்தர் அதுலதான இருப்பாங்க. சத்தீஸ்கர் போனாருன்னா மழைக்குத்தான் வீடு. அங்க மழை பேஞ்சா வண்டி சேத்துல இறங்கிரும், வேலை ஓடாது, ஊருக்கு அனுப்பிருவாங்க. எல்லாரும் நம்மூர்ல மழை பேயணும்னு கும்பிடுவாங்க, நான் மட்டும் வடக்க பேயட்டும்னு கும்பிடுவேன். வந்தா ரெண்டு, ரெண்டரை மாசம். மத்த நாள்ல நான், பாப்பா, மாமா, அத்தை. மாமாவுக்குச் சக்கரை, அதுல கண்ணு மங்கிருச்சு, ஆபரேஷன் பண்ணியும் வண்டி ஓட்டக்கூடாதுன்னுட்டாங்க. அத்தைக்கு முட்டி வலி.

அதனாலதான் கார். குறை சொல்லலீங்க. அவரு இல்லாதப்ப எங்களுக்கு ஆபத்து அவசரத்துக்கு ஒரு வண்டி வேணும்னு நல்ல மனசோடதான் ஆரம்பிச்சாரு.

"நீதான் ஓட்டணும் கோகிலா"ன்னாரு.

எனக்குக் குப்புனு வேர்த்துருச்சு. சைக்கிள் ஓட்டுவேன், அதோட சரி. மாமாவோட சிநேகிதர் காரை வாங்கிட்டு வந்து இவரே ஏரிக்கரையில சொல்லிக் கொடுத்தாரு. இடது கால் என் பேச்சையே கேட்கலீங்க. கிளட்ச்சை விட்டா வண்டி குதிக்குது, விடாட்டி உறுமுது. மேட்டுல மூணு தடவை ஆஃப் ஆகி நின்னுருச்சு. பின்னால தண்ணி டேங்கர்காரரு இறங்கி வந்து ரெண்டு கையும் எடுத்துக் கும்பிட்டாரு, "தாயே, எனக்கு இன்னும் நாலு லோடு இருக்குது"ன்னு. நான் ஸ்டியரிங் மேல தலையை வெச்சு அழுதுட்டேன்.

உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன. அழும்போதே உள்ளுக்குள்ள ஒரு நிம்மதி. இத்தோட விட்டுருவாங்கன்னு.

அன்னைக்குச் சாப்பிடும்போது அவரு சொல்றாரு, "கிளட்ச்தான பிரச்சனை? கிளட்ச்சே இல்லாத வண்டி வாங்கிருவோம்."

அப்படித்தாங்க ஆட்டோமேட்டிக் வந்துச்சு. பெண்டாட்டிக்காகத் தேடறான் பாருன்னு தெருவெல்லாம் பேச்சு. அத்தை எல்லார்கிட்டயும் பெருமையாச் சொன்னாங்க. நான் என்னத்தைச் சொல்றது?

டீசல் எப்படி வந்துச்சுன்னா, அது அவருக்கு ரத்தத்துலயே ஊறினது. ரிக், லாரி, கம்ப்ரசர் எல்லாம் டீசல். பெட்ரோல் வண்டி மார்க்கெட்டுக்குப் போறவங்க வண்டின்னுவாரு. நாத்தனார் வீட்டுக்காரரு படிச்சவரு, அவரு சொல்லிப் பார்த்தாரு. "மச்சான், டீசல் வண்டி விலையும் ஜாஸ்தி, செலவும் ஜாஸ்தி. மாசம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டறவனுக்குத்தான் அது கட்டும். நிறுத்தி வெச்சா கரி அடைச்சுக்கும். உங்க வீட்ல எங்க ஓடப் போகுது?"

"ஓட வெச்சுருவோம் மச்சான்"னு சிரிச்சாரு எங்க வீட்டுக்காரரு.

அந்தப் பேச்சை நான் அப்பச் சரியாக் காதுல வாங்கலீங்க. மோர் ஊத்திட்டு இருந்தேன்.

சேலம், ஈரோடு, கோயமுத்தூர்னு அலைஞ்சாங்க. அஞ்சு லட்சத்துக்கு மேல ஒரு ரூபா இல்லைன்னு முடிவு. மழையும் முடியப் போகுது, வண்டி கிடைக்கல. நான் வெளிய காட்டிக்கலீங்க. ஆவணி கடைசியில ஈரோட்டுல ஒண்ணு அமைஞ்சுச்சு. வெள்ளை. டாக்டர் ஒருத்தர் ஓட்டினது. பானட்டு ஜில்லுனு இருக்குது, பெல்ட்டு சுத்தமா இருக்குது. ஆறு மாசமா விக்காம கிடக்குதாமா. ஏன்னு யாருக்கும் தெரியல. நான் நம்பரைப் பார்த்தேன். மனசுக்குள்ள கூட்டிப் பார்த்தேன். அத்தைகிட்டப் போய் மெல்ல, "கூட்டினா எட்டு வருதுங்கத்தை"ன்னேன்.

எங்க அத்தைக்கு எட்டுன்னா ஆகவே ஆகாதுங்க. எட்டாந்தேதி ஊறுகாய்கூடப் போட மாட்டாங்க. பட்டுனு அவங்க முகம் வாடிருச்சு. சரி, முடிஞ்சுதுன்னு நெனச்சேன்.

இவரு என்ன பண்ணினாரு தெரியுங்களா? நேரா வியாபாரிகிட்டப் போயி, "எட்டு நம்பரை எங்க தலையில கட்டப் பார்க்கறீங்களா"ன்னு ஒரு சத்தம். அந்த ஆளு நாப்பதாயிரம் குறைச்சுட்டான்! இவரு வந்து என் கையைப் பிடிச்சு, "நீ பார்த்துச் சொன்னதாலதான் புள்ள நம்ம விலைக்கு வந்துச்சு"ன்னாரு. எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கறாங்க. நானும் சிரிச்சேன்.

அத்தைக்கு மட்டும் மனசு ஒப்பல. குலதெய்வம் கோயில்ல பூக்கேட்டு உத்தரவு வந்தா வாங்கலாம்னாங்க. உங்க பக்கம் உண்டுங்களா? வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், சாமி முன்னால போட்டு ஒரு சின்னப் புள்ளையை எடுக்கச் சொல்லுவாங்க. வெள்ளை வந்தா சரி, சிவப்பு வந்தா வேண்டாம். பொட்டலம் நான்தான் மடிச்சேன். பாப்பாதான் எடுக்கறவ. போற வழியில இவகிட்ட, "சாமி, இந்தக் கைப்பக்கம் இருக்கறதை எடு, அம்மா முட்டாய் வாங்கித் தர்றேன்"னு ஒரு வார்த்தை சொன்னேன். சும்மா, அங்க போயி முழிக்கக்கூடாதேன்னு.

நான் சொல்றதைக் கேட்கற புள்ளைங்களா இது? அந்தக் கைப்பக்கம் இருந்ததை எடுத்தா. பிரிச்சா வெள்ளை. சாமியே உத்தரவு கொடுத்துருச்சு.

புரட்டாசி பொறக்கறதுக்கு முன்னால வண்டி வீட்டு வாசல்ல நிக்குது. கத்துக்கறதுக்கு ஒண்ணுமே இல்லீங்க அதுல. வலது கால் மட்டும்தான் வேலை. இதை மிதிச்சா போகும், அதை மிதிச்சா நிக்கும். பத்தே நாள்ல ஓட்டிட்டேன். லைசென்சும் வந்துருச்சு. அவரு வண்டி ஏறும்போது சொல்லிட்டுப் போனாரு, "வேற யார் கையிலயும் வண்டியைக் கொடுக்கக்கூடாது. உனக்காக வாங்கினது. நீ மட்டுந்தான் ஓட்டணும்."

அதுக்கப்புறம் ஓட ஆரம்பிச்சுதுங்க. திங்கக்கிழமை மாமாவுக்கு ஆஸ்பத்திரி. செவ்வாய்க்கிழமை அத்தைக்கு அம்மன் கோயில். புதன்கிழமை நாத்தனார் வீட்டுக்கு, அவங்க புள்ளைங்க டியூசன். வெள்ளிக்கிழமை மறுபடி கோயில். கல்யாணம், காதுகுத்து, இழவு, பக்கத்து வீட்டம்மாவுக்குப் பல்லு. எங்கயும் போகாத நாள்ல மாமா சாயங்காலம் வந்து மீட்டரை எட்டிப் பார்ப்பாரு. "அம்மிணி, இன்னைக்கு வண்டி நகரவே இல்லையே. டீசல் வண்டி, கரி அடைச்சுக்கும். பைபாஸ்ல ஒரு ரவுண்டு போயிட்டு வந்துரலாமா"ம்பாரு. அன்பாத்தான் கேட்பாரு. நாங்க மூணு பேரும் பாப்பாவும் ஏறி, சங்ககிரி வரைக்கும் போயி, ஒண்ணும் வாங்காம திரும்பி வருவோம்.

நல்லவங்கக்கா. ஒரு நாள் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்ல. சொன்னாத் தேவலை.

எங்க அம்மா வீடுங்களா? இந்த பஸ்ஸு போயி நிக்குதே, அதே ஊருதான். கடைசி ஸ்டாப். நீங்க அதுக்கு முன்னாடியே இறங்கிருவீங்களா? அப்பச் சரி, உங்களுக்கும் இந்த பஸ் பழக்கம் இருக்கும். மத்தியானம் ஒண்ணு வரும், வந்த கையோட திரும்பிரும். அப்புறம் இது. இது ராத்திரி எங்க ஊர்லயே நிக்கும். டிரைவரும் கண்டக்டரும் பள்ளிக்கூடத்து முன்னால வண்டிக்குள்ளயே படுத்துக்குவாங்க. காலைல ஆறே முக்காலுக்கு எடுப்பாங்க. இவளுக்கு அந்த ஆறே முக்கால் பஸ்ஸுன்னா உயிரு. டிரைவரண்ணன் பல்லு விளக்கறதைப் பார்க்கறதுக்குன்னே எந்திரிச்சு ஓடுவா.

வண்டி வாங்கறதுக்கு முன்னால மாசத்துக்கு ஒருக்கா வருவேன். நான் வரணும்னாலே ரெண்டு பஸ்ஸு மாறி இதுலதான் வரணும். இதுல வந்தா ராத்திரி தங்கியே ஆகணும். காலைல புள்ளையை எழுப்பிக் கிளப்ப முடியல அத்தைம்பேன். சரி கண்ணு, மத்தியான வெயில்ல வேண்டாம், நாளன்னைக்கு வான்னு அத்தையும் சொல்லிருவாங்க. ரெண்டு ராத்திரி. பெருசா ஒண்ணும் பண்ண மாட்டோமுங்க. எங்க அப்பா இல்ல, அம்மா தனி ஆளு, சத்துணவுல ஆயா வேலை. பழைய சோறும் கருவாடுமாத் தின்போம். பாய் போட்டுப் படுத்துட்டு நான் பேசுவேன், அம்மா உம் கொட்டும். நான் பேசுவேங்க. அங்க நான்தான் பேசறவ.

இப்பக் கார் வந்துருச்சா. ஒண்ணரை மணி நேரத்துல போயிரலாம், சாயங்காலம் திரும்பிரலாம். எதுக்குத் தங்கணும்? தனியா எதுக்குப் போகணும்? "சம்பந்தியம்மாவை நாங்களும் பார்த்த மாதிரி இருக்கும், வண்டியும் ஓடின மாதிரி இருக்கும்"னு மாமாவும் அத்தையும் ஏறிக்குவாங்க. நல்ல மனசுதானுங்க அது. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க தேடி வந்து பார்க்கறதெல்லாம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

ஆனா சம்பந்தி வர்றாங்கன்னா எங்க அம்மா சும்மா இருக்குமுங்களா. முதல் நாளே வீடு மொழுகி, பக்கத்து வீட்ல ரெண்டு சேர் வாங்கிப் போட்டு, நாட்டுக்கோழி அடிச்சு, மாமாவுக்குச் சக்கரைன்னு தனியா ராகிக் களி கிண்டி, வெத்தலை பாக்கு, பழம். நான் அடுப்படிக்குப் போனா, "நீ போயி அவங்களோட உக்காரு சாமி, தப்பா நெனைப்பாங்க"ங்கும். நாலு மணிக்கு மாமா மணியைப் பார்ப்பாரு. எருமைக்குத் தண்ணி காட்டணும். கிளம்பிருவோம். எங்க அம்மா வாசல்ல நின்னு கையாட்டும். நான் கண்ணாடியில பார்ப்பேன், பின்னால பார்க்கறதுக்கு நடுவுல ஒரு கண்ணாடி இருக்குமே, அதுல.

அப்படி மாசத்துக்கு ரெண்டு தடவை. மூணு தடவை. வண்டி ஓடணுமே.

தைப் பொங்கல் கழிஞ்சு ஒரு நாள் போயிருந்தோம். கிளம்பற நேரத்துல அம்மா கறிவேப்பிலை பறிச்சுத் தர்றேன்னு பின்பக்கம் கூட்டிட்டுப் போச்சு. கறிவேப்பிலையை ஒடிச்சுட்டே, என் முகத்தைப் பார்க்காம, "சாமி, நீ அடிக்கடி வரோணும்னு இல்ல. போன்ல பேசிக்கலாம். பள்ளிக்கூடத்துல லீவு கேட்டா டீச்சரம்மா திட்டறாங்க"ன்னு சொல்லுச்சு.

சரிங்கம்மான்னு தலையாட்டிட்டு வந்து வண்டியை எடுத்தேன். வழியெல்லாம் அத்தை, "உங்க அம்மா கைப்பக்குவம் யாருக்கு வரும்"னு சொல்லிட்டே வந்தாங்க.

இல்லீங்க, அழுகலீங்க. ஜன்னல் காத்து.

பஸ்ல ஏன் வர்றேன்னா, வண்டி மெக்கானிக் ஷாப்புல கிடக்குது. பதினாறு நாளாச்சு. என்னாலதான். பெரிய தப்பு பண்ணிட்டேனுங்க.

அன்னைக்கு மாமாவுக்குச் சக்கரை டெஸ்ட். வெறும் வயித்துல ஒருக்கா எடுப்பாங்க, சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒருக்கா. நடுவுல, "அம்மிணி, நான் இங்க உக்காந்திருக்கறேன், நீ போயி டீசல் போட்டுட்டு வந்துரு"ன்னாரு. எப்பவும் அவரு பக்கத்துல இருப்பாரு. கண்ணாடியை இறக்கி, "டீசல்"னு அவருதான் சொல்லுவாரு. நான் ஸ்டியரிங்கைப் பிடிச்சுட்டு நேராப் பார்த்துட்டு இருப்பேன். அந்த வார்த்தையை பங்க்ல நான் என் வாயாலச் சொன்னதே இல்லீங்க.

பங்க்காரரு குனிஞ்சு பார்த்தாரு. பொம்பளை தனியா, சின்ன வண்டி. "பெட்ரோல்தானுங்களே?"ன்னாரு.

நான் தலையாட்டினேன்.

அவ்ளோதாங்க நடந்தது. யாரு என்ன கேட்டாலும் நான் தலையாட்டிருவேன். பொண்ணு பார்க்க வந்தப்பவும் அப்படித்தான், பள்ளிக்கூடத்தை நிறுத்திக்கலாமான்னு எங்க அப்பா கேட்டப்பவும் அப்படித்தான். பழக்க தோசம். இவ பின் சீட்டுல இருந்து, "அம்மா, தாத்தா டீசல்னுதானம்மா சொல்லும்"னா. நல்லாச் சத்தமாத்தான் சொன்னா. நான் பையிலருந்து பிஸ்கட்டை எடுத்து அவ வாயில வெச்சேன். காலைலருந்து ஒண்ணும் திங்கல பாருங்க, பசிச்சிருக்கும்.

மூடியில எழுதியிருக்காதான்னு கேட்கறீங்களா? இருந்துச்சாமா, இங்கிலீஷ்ல. தேஞ்சு போச்சு.

நான் மீட்டரையே பார்த்துட்டு இருந்தேன். கடகடன்னு ஓடுச்சு. ரெண்டாயிரத்துல நின்னுச்சு. சாவியைத் திருப்பறதுக்கு முன்னால கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன். எதுக்குன்னு தெரியல. பின்னால ஆரன் அடிச்சாங்க. எடுத்துட்டேன். மெக்கானிக் அப்புறம் சொல்றாரு, ஸ்டார்ட் பண்ணாமத் தள்ளி நிறுத்தியிருந்தா டேங்க்கை மட்டும் காலி பண்ணினாப் போதுமாமா, ஒண்ணும் ஆகியிருக்காதாமா. அதெல்லாம் எனக்கு எப்படித் தெரியுமுங்க? இவரு ஒருக்காப் போன்ல அதைப் பத்தி ஒரு வீடியோவைக் காட்டினாரு. ஆனா அப்ப நான் தோசை ஊத்திட்டு இருந்தேன்.

மாமாவை ஏத்திட்டு பைபாஸ்ல மூணு கிலோமீட்டர் போயிருப்போம். வண்டி விக்கி விக்கிப் போக ஆரம்பிச்சுருச்சு. இருமற ஆளு மாதிரி. அப்புறம் வெள்ளைப் புகை, அப்புறம் நின்னுருச்சு. நட்ட நடு வெயிலு. மாமா ரோட்டோரத்துல துண்டை விரிச்சு உக்காந்துட்டாரு, வயித்துக்கு ஒண்ணும் சரியாச் சாப்பிடாத மனுசன். என்னை ஒண்ணும் சொல்லல. "பயப்படாத அம்மிணி, மெஷினுதான"ன்னாரு. அதைத்தாங்க என்னால தாங்க முடியல. அவரு கை நடுங்குச்சு, பாப்பாவோட மிச்ச பிஸ்கட்டை எடுத்துக் கொடுத்தேன். சக்கரைக்காரருக்கு அதைக் கொடுக்கலாமா கூடாதான்னுகூட எனக்குத் தெரியல.

சத்தீஸ்கருக்குப் போன் போட்டுச் சொன்னோம். திட்டுவாருன்னு காதைத் தள்ளி வெச்சுக்கிட்டேன். பார்த்தா, சிரிக்கறாரு. "எங்க கேம்ப்ல புதுசா வர்ற ஆளுங்களும் இதைப் பண்ணுவாங்க. உன் மேல தப்பில்ல புள்ள. தெரியற மாதிரி எழுதி ஒட்டாம விட்டது என் தப்பு"ன்னாரு. மறுநாளே மாமா ஸ்டிக்கர் கடைக்குப் போயிட்டாரு. டீசல் மட்டும்னு, சிவப்புல, இந்தா, என் உள்ளங்கை அகலத்துக்கு எழுத்து. மூடிக்கு வெளிய ஒண்ணு, உள்ள ஒண்ணு. வண்டி வந்ததும் ஒட்டணும்னு சாமி படத்துக்குப் பக்கத்துல வெச்சிருக்காங்க. இனி பங்க்ல யாரும் என்னைக் கேட்கவே மாட்டாங்க. தலையாட்டக்கூட வேண்டியதில்ல.

பதினாறு நாளா வண்டி இல்ல. அத்தை வீட்லயே விளக்கு வெச்சுக்கறாங்க. நாத்தனார் புள்ளைங்க சைக்கிள்ல போகுதுங்க. ஒண்ணும் ஆகலீங்க யாருக்கும். இன்னைக்குக் காலைல அத்தையே, "பாவம், நீ உங்க அம்மாவைப் பார்த்து எத்தனை நாளாச்சு, பஸ்ல ஒரு எட்டு போயிட்டு வா கண்ணு"ன்னாங்க. நான் பாப்பாவுக்கு மூணு செட்டுத் துணி எடுத்து வெச்சேன். அம்மாவுக்குப் போன் பண்ணி, நான் மட்டுந்தாம்மா வர்றேன், பஸ்லன்னேன். "கருவாடு இருக்குது சாமி"ன்னுச்சு.

நாமக்கல்ல ஏறினதும் கண்டக்டரண்ணன் என்னை அடையாளம் கண்டுபிடிச்சுட்டாரு. "எங்கம்மா ஆளையே காணோம், கார் வாங்கிட்டீங்களாமே, எங்களையெல்லாம் மறந்துட்டீங்க"ன்னு காசில்லாத டிக்கெட்டைக் கிழிச்சுக் கொடுத்தாரு. அதைப் பாப்பா கையிலயே வெச்சுத் தூங்கறா பாருங்க.

இருங்கக்கா, போன். அத்தைதான்.

சொல்லுங்கத்தை... ஏறிட்டேனுங்க. உக்கார இடம் கிடைச்சுருச்சு... தூங்கறா... அப்படிங்களா? வண்டி ரெடியாயிருச்சுங்களா?... இன்னைக்கேவா... ஓ... நாளைக்கா... அரை நாள்தான் திறந்திருப்பாங்களா... ஆமாங்க, வேற ஆள்கிட்டக் கொடுக்க வேண்டாமுங்க, அவரு சொல்லியிருக்காரு... நான் வந்தாத்தான் எடுக்க முடியும், ஆமாங்கத்தை...

முதல் பஸ்ஸுங்களா.

அத்தை... வந்துங்கத்தை... ஞாயித்துக்கிழமை காலைல பஸ் இல்லீங்க.

இல்லீங்கத்தை. முன்ன இருந்துச்சு. இப்ப நிறுத்திட்டாங்களாமா. ஆமாங்க, கண்டக்டரே சொன்னாருங்க... திங்கக்கிழமைதான்... சரிங்கத்தை. மாமாவை மாத்திரை போட்டுக்கச் சொல்லுங்க. வெச்சர்றேனுங்க.

...

கை எப்படிச் சில்லுனு இருக்குது பாருங்கக்கா.

நான் போனாத்தான் எடுக்க முடியுமாமா. நான் போற வரைக்கும் அது அங்கயே நிக்கும். வேற யாரும் நகத்த முடியாது.

என்னங்க கண்டக்டரண்ணா சிரிக்கறீங்க? கேட்டுருச்சுங்களா? ஐயோ, சத்தம் போடாதீங்கண்ணா. "காலைல பஸ் இல்லைன்னா நாங்க எங்கம்மா போறது, உங்க வீட்டுக்குச் சோறு திங்க வரட்டுமா"ங்கறாரு பாருங்க. வாங்கண்ணா, கருவாட்டுக் குழம்புதான்.

நீங்களும் சிரிக்கறீங்க. உங்க ஸ்டாப் வந்துருச்சுங்களா? பார்த்து இறங்குங்க. வீட்டுக்காரர்கிட்டச் சொல்லுங்க, பெல்ட்டை இழுத்துப் பார்க்கச் சொல்லி. கிளட்ச் இல்லாத வண்டின்னா... வேண்டாம் விடுங்க, ஒண்ணுமில்ல, அது உங்க வீட்டு விசயம்.

நல்லவேளை, இவ தூங்கிட்டா. முழிச்சிருந்தா போனைப் பிடுங்கி, "ஆறே முக்காலுக்கு பஸ் இருக்குது அப்பத்தா"ன்னு சொல்லியிருப்பா. நல்லாச் சத்தமாத்தான் சொல்லியிருப்பா.